பி.எஸ்சி. தோற்றவர்களின் படிப்பு அல்ல

மூங்கில்துறைப்பட்டு வட்டாரத்தில் பன்னிரண்டாம் வகுப்பில் உயிரியல் பிரிவு படிக்கும் பிள்ளைகளின் பெற்றோர்களுக்கு ஒரு கடிதம்.

மூங்கில்துறைப்பட்டு தொடங்கி சங்கராபுரம் வழியாக வெள்ளிமலை வரைக்கும் உயிரியல் பிரிவு என்றால் டாக்டர் படிப்பு என்றுதான் பொருள். நீட் மதிப்பெண் போதவில்லை என்றால் இன்னொரு வருடம் கோச்சிங். அதிலும் வரவில்லை என்றால் மறுபடியும் ஒன்று. அதற்குப் பிறகு, சொந்தக்காரர்கள் கேட்டால் தாழ்ந்த குரலில் சொல்லிக்கொள்கிற மாதிரி ஒரு பி.எஸ்சி. சீட். மருத்துவப் படிப்பைக் குறை சொல்வது என் நோக்கம் இல்லை. கள்ளக்குறிச்சி மாவட்டத்துக்கென்று சிறுவங்கூரில் 2022இல் அரசு மருத்துவக் கல்லூரி வந்தது நல்ல காரியம். அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு வந்தது அதைவிட நல்ல காரியம். நான் மறுப்பது அந்தத் தாழ்ந்த குரலை மட்டும்தான். நாடு முழுவதும் ஆண்டுக்கு 20 லட்சத்துக்கு மேற்பட்டோர் நீட் எழுதுகிறார்கள். எம்.பி.பி.எஸ். இடங்கள் ஏறத்தாழ 1.2 லட்சம், அவற்றிலும் பெரும் பங்கு தனியார் கல்லூரிகளில். ஆகவே உங்கள் பிள்ளைகளில் மிகப் பலர் வேறு பாதையில்தான் போகப்போகிறார்கள். அந்தப் பாதை எப்படிப்பட்டது என்று தெரியாமலே அதைத் தோல்வி என்று எழுதிவிடுகிறோம். உயிர் அறிவியல் ஆராய்ச்சி என்பது மருத்துவத்துக்கு இணையான முதல் தரத் தொழில் என்பது என் கட்சி. அதற்கு ஒரே ஒரு நோயைச் சாட்சியாக அழைக்கிறேன். எய்ட்ஸை உண்டாக்கும் எச்.ஐ.வி. தொற்றை எடுத்துக்கொள்ளக் காரணம், இந்தியாவில் அதன் கதை தொடங்கியதே தமிழ்நாட்டில்தான்.

1985ஆம் ஆண்டின் கடைசி மாதங்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் மேற்படிப்பில் இருந்த செல்லப்பன் நிர்மலாவுக்கு ஆய்வேட்டுக்கு ஒரு தலைப்பு வேண்டியிருந்தது. அமெரிக்காவில் 1981 முதல் பதிவாகி வந்த எய்ட்ஸ் நோய் தமிழ்நாட்டில் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னார் அவருடைய பேராசிரியர் சுனிதி சாலமன். இந்தியாவில் அப்படி ஒரு நோயாளிகூட அதுவரை கண்டறியப்படவில்லை. அது மேல்நாட்டு ஒழுக்கக்கேட்டின் நோய், நம்மை அண்டாது என்பதே அன்றைய பொதுப்பேச்சு. நிர்மலாவுக்கே முதலில் தயக்கம்தான். பாலியல் தொழிலில் கைதாகிச் சென்னைக் காப்பு இல்லத்தில் வைக்கப்பட்டிருந்த பெண்களிடமிருந்து மூன்று மாதங்களில் 80க்கும் மேற்பட்ட ரத்த மாதிரிகளைச் சேகரித்தார். கையுறைகூடக் கிடையாது. சுனிதியும் அவருடைய கணவர் விக்டர் சாலமனும் ஒழுங்குசெய்து கொடுத்த சிறு இடத்தில் ரத்தத்திலிருந்து சீரத்தைப் பிரித்து, வேறு வசதி இல்லாததால் தன் வீட்டு ஃபிரிட்ஜிலேயே வைத்திருந்தார். எலைசா பரிசோதனை செய்யும் வசதி சென்னையில் இல்லை, வேலூர் சி.எம்.சி.யில் ஜேக்கப் ஜானின் வைரஸ் ஆய்வுக்கூடத்தில் இருந்தது. 1986 பிப்ரவரியில் நிர்மலாவும் அவருடைய கணவரும் மாதிரிகளை ஐஸ் பெட்டியில் வைத்து இரவு ரயிலில் காட்பாடிக்குக் கொண்டுபோனார்கள். பரிசோதனைத் தட்டில் ஆறு குழிகள் மஞ்சளாக மாறின, அதாவது ஆறு மாதிரிகளில் தொற்று. மீண்டும் மாதிரி எடுத்துப் பார்த்தும், அமெரிக்காவுக்கு அனுப்பி வெஸ்டர்ன் பிளாட் முறையில் சோதித்தும் முடிவு மாறவில்லை. அந்த ஆண்டு மே மாதம் சுகாதார அமைச்சர் எச்.வி. ஹண்டே சட்டமன்றத்தில் அறிவித்தபோதுதான் நாடு அதைக் கேட்டது.

இந்தக் கதையை வீரகதையாக மட்டும் சொல்லிப் போவது நியாயம் ஆகாது. எதற்காக ரத்தம் எடுக்கப்படுகிறது என்பது அந்தப் பெண்களுக்குத் தெரியாது. எய்ட்ஸுக்காக என்று தான் சொல்லவில்லை என நிர்மலாவே பிற்காலத்தில் ஒளிக்காமல் கூறியிருக்கிறார். இன்று எந்த நெறிமுறைக் குழுவும் அப்படிப்பட்ட ஆய்வை அனுமதிக்காது. நாட்டை எச்சரித்த அந்த ஆறு முடிவுகளுக்குப் பின்னால் பூட்டிய கட்டடத்துக்குள் இருந்த பெண்கள் இருந்தார்கள் என்பதை அறிவியல் படிக்கிற பிள்ளைகள் தெரிந்துகொண்டே உள்ளே வரவேண்டும். இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லவேண்டும். நிர்மலா 1987 மார்ச்சில் ஆய்வேட்டைக் கொடுத்துவிட்டு, கிண்டி கிங் நிலையத்தில் தடுப்பூசித் தயாரிப்புப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்து, 2010இல் ஓய்வுபெற்றார். நெடுங்காலம் அவர் பெயர் யாருக்கும் தெரியாது. ஆராய்ச்சியில் புகழ் உரியவரைத் தேடி வரும் என்று நான் உங்களுக்கு வாக்குத் தரப்போவதில்லை.

சுனிதி சாலமன் அந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மீதி வாழ்நாளைக் கழித்தார். 1993இல் தன் தந்தை பெயரில் ஒய்.ஆர்.ஜி. கேர் என்ற நிறுவனத்தைச் சென்னையில் தொடங்கினார். மற்ற இடங்களில் துரத்தப்பட்டவர்கள் அங்கே வந்தார்கள். அங்கே சிகிச்சையும் கிடைத்தது. நோயின் போக்கு ஆண்டுக்கணக்கில் பதிவும் செய்யப்பட்டது. பிற்காலத்தில் ஒன்பது நாடுகளில் 1,763 தம்பதியரிடம் நடந்த ஒரு பெரிய ஆய்வில் அந்த நிறுவனமும் ஒரு மையமாக இருந்தது. தம்பதியரில் ஒருவருக்குத் தொற்று உண்டு, மற்றவருக்கு இல்லை. தொற்றுள்ளவருக்கு உடல் நலிவதற்கு முன்பே மாத்திரை கொடுத்தால் துணைவருக்குத் தொற்றாமல் தடுக்க முடியுமா என்பது கேள்வி. முடியும், பரவுதல் 96 சதவீதம் குறைகிறது என்று 2011இல் தெரியவந்தது. அந்த ஆண்டின் தலைசிறந்த அறிவியல் சாதனையாக அதைத் தேர்ந்தெடுத்தது சயின்ஸ் இதழ். தொற்று உறுதியான எல்லோருக்கும் உடனே சிகிச்சை என்று 2017இல் இந்திய அரசு கொள்கையை மாற்றியதற்கு அடிப்படையாக இருந்த சான்றுகளில் இது முக்கியமானது. ஒரு மருத்துவர் தன் எதிரே உட்கார்ந்திருக்கும் ஒரு நோயாளியைக் காப்பாற்றுகிறார். அந்த மருத்துவர் எந்த நாளில் எந்த மாத்திரையை எழுதவேண்டும் என்பதைத் தீர்மானிப்பது இப்படிப்பட்ட ஆராய்ச்சிதான்.

இங்கே நீங்கள் மடக்குவீர்கள்: "நிர்மலாவும் சுனிதியும் எம்.பி.பி.எஸ். படித்தவர்கள்தானே? அப்படியானால் முதலில் டாக்டர் ஆகட்டும், ஆராய்ச்சியைப் பிறகு பார்க்கலாம்." சரியான கேள்வி. இதற்குப் பதிலாகப் பாரிஸ் நகரத்துப் பெண் ஒருவரைச் சொல்கிறேன். பிரான்சுவாஸ் பாரே-சினூசிக்கும் மருத்துவமா அறிவியலா என்ற குழப்பம் இருந்தது. அறிவியல் படிப்பு சீக்கிரம் முடியும், செலவும் குறைவு, வீட்டுக்குப் பாரமாக இருக்கவேண்டாம் என்று நினைத்து அறிவியலில் சேர்ந்ததாக அவரே எழுதியிருக்கிறார். இந்தக் கணக்கு உங்கள் வீடுகளுக்குப் புதியது அல்ல. படிக்கும்போதே பாஸ்டர் நிறுவனத்தில் சம்பளமில்லாமல் வேலை கற்றுக்கொண்டு, ரெட்ரோ வைரஸ்களில் தேர்ச்சி பெற்றார். 1983 தொடக்கத்தில் ஒரு நோயாளியின் நிணநீர்க் கழலைத் துண்டு அவர்கள் ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அதிலிருந்து செல்களை வளர்த்து, ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் என்ற நொதியின் அளவைச் சில நாள்களுக்கு ஒருமுறை பார்த்து வந்தார். ஆர்.என்.ஏ.விலிருந்து டி.என்.ஏ.வை எழுதும் அந்த நொதி ரெட்ரோ வைரஸ் இருப்பதன் அடையாளம். அளவு மெல்ல ஏறியது. பிறகு திடீரென்று சரிந்தது. செல்கள் செத்துக்கொண்டிருந்தன. மாதிரி கெட்டுப்போயிற்று என்று பலர் கொட்டியிருப்பார்கள். வைரஸே செல்களைக் கொல்கிறதோ என்று சந்தேகப்பட்டு, ரத்ததானம் செய்த ஒருவரின் ஆரோக்கியமான வெள்ளையணுக்களை அதில் சேர்த்தார்கள். நொதியின் அளவு மறுபடி ஏறியது. எச்.ஐ.வி. பிடிபட்டது அப்படித்தான். 2008இல் லூக் மொன்டாக்னியேவுடன் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அவர் எம்.பி.பி.எஸ். வழியாக வந்தவர் அல்ல. இறக்கும் செல்லைப் பார்த்து "ஏன்" என்று கேட்கும் பயிற்சி பி.எஸ்சி. வகுப்பிலும் கிடைக்கும், நல்ல ஆசிரியர் வாய்த்தால்.

"அதெல்லாம் வெளிநாட்டுக்காரர்கள் கண்டுபிடித்துவிடுவார்கள், நாம் மருந்தை வாங்கிக்கொண்டால் போதாதா?" என்பது அடுத்த கேள்வியாக வரும். போதாது. எச்.ஐ.வி. ஒரே வைரஸ் கிடையாது. அதில் கிளை வகைகள் பல. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அதிகம் காணப்படுவது 'பி' வகை. தொடக்க காலத்து ஆராய்ச்சி பெரும்பாலும் அதை வைத்தே நடந்தது. இந்தியாவில் பரவியிருப்பது 'சி' வகை. உலகத் தொற்றுகளில் ஏறத்தாழப் பாதி இந்த வகைதான், ஆனால் அது அதிகமாக இருப்பது ஏழை நாடுகளில். பெங்களூரு ஜக்கூரில் உள்ள ஜவாஹர்லால் நேரு உயர் அறிவியல் ஆய்வு மையத்தில் உதயகுமார் ரங்காவின் குழு பல ஆண்டுகளாக இந்த 'சி' வகையையே துருவிக்கொண்டிருக்கிறது. வைரஸ் தயாரிக்கும் 'டேட்' என்ற சிறு புரதத்தில் 31ஆவது இடத்தில் மற்ற வகைகளில் சிஸ்டீன் என்ற அமினோ அமிலம் இருக்கிறது. இந்தியாவின் 'சி' வகையில் பெரும்பாலும் அங்கே செரின் இருக்கிறது. மாற்றம் ஒரே ஓர் இடத்தில்தான். ஆனால் அதனால் அந்தப் புரதம் ஒருவகை வெள்ளையணுக்களைத் தன்பால் ஈர்க்கும் திறனை இழக்கிறது என்று 2004இல் அக்குழு காட்டியது. எச்.ஐ.வி.யால் வரும் மறதிநோய் இந்தியாவில் குறைவாகக் காணப்பட்டதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம் என்றும் சொன்னது. முழு விளக்கம் இதுதானா என்ற விவாதம் முடியவில்லை. ஆனால் இந்தக் கேள்வியை இங்கிருப்பவர்கள் எழுப்பாவிட்டால் யாரும் எழுப்பியிருக்க மாட்டார்கள். சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆய்வும் இதே ரகம். எச்.ஐ.வி.யும் காசநோயும் சேர்ந்து தாக்கியவர்களுக்கு வாரம் மூன்று நாள் காசநோய் மருந்து போதுமா, தினமும் தரவேண்டுமா என்பது நம் ஊர் நோயாளிகளின் உயிர்க் கேள்வி. தினசரி மருந்தே மேல் என்று அந்த ஆய்வு காட்டியது.

நோய் எதிர்ப்பியலின் பக்கமும் ஒரு பெயர் சொல்லவேண்டும். எச்.ஐ.வி.யோடு நெடுங்காலம் போராடும் டி அணுக்கள் என்ற வெள்ளையணுக்கள் கடைசியில் சோர்ந்துபோகின்றன. சாவதில்லை, வேலை செய்வதை நிறுத்திவிடுகின்றன. அவற்றின் மேற்பரப்பில் உள்ள பி.டி.1 என்ற மூலக்கூறு அதற்கான பிரேக். அமெரிக்காவின் எமரி பல்கலைக்கழகத்தில் விஜயகுமார் வேலு முதல் ஆசிரியராக 2009இல் நேச்சர் இதழில் எழுதிய கட்டுரை, குரங்குகளில் அந்தப் பிரேக்கை எதிர்ப்புப் புரதத்தால் தடுத்தால் சோர்ந்த அணுக்கள் மறுபடி வேலை செய்கின்றன, வைரஸ் குறைகிறது, குரங்குகள் கூடுதல் நாள் வாழ்கின்றன என்று காட்டியது. இதே பிரேக்கைத் தடுக்கும் மருந்துகள்தான் இன்று சிலவகைப் புற்றுநோய்களுக்குத் தரப்படுகின்றன. பி.டி.1ஐக் கண்டறிந்த தசுக்கு ஹோன்ஜோவுக்கு 2018இல் நோபல் கிடைத்தது. ஒரு நோயைப் பற்றிய அறிவு இன்னொரு நோயாளியின் வார்டில் போய் உதவுகிறது. கோச்சிங் சென்டர் அட்டவணையில் இந்தக் கணக்கு வராது.

"எய்ட்ஸ்தான் அடங்கிவிட்டதே, அதில் இனி என்ன ஆராய்ச்சி?" என்பவர்களும் உண்டு. 2000ஆம் ஆண்டை ஒட்டித் தமிழ்நாட்டில் கர்ப்பிணிகளிடையே தொற்று ஒரு சதவீதத்தைத் தொட்டு, நாட்டிலேயே கவலைக்குரிய மாநிலங்களில் ஒன்றாக நாம் இருந்தோம். இன்று நிலைமை எவ்வளவோ மேல். 2004 ஏப்ரலில் தாம்பரம் நெஞ்சக நோய் மருத்துவமனை உட்படச் சில மையங்களில் தொடங்கிய இலவச எச்.ஐ.வி. மாத்திரைச் (ஏ.ஆர்.டி.) சிகிச்சைக்கு அதில் பெரும்பங்கு உண்டு. ஆனாலும் நாட்டில் சுமார் 25 லட்சம் பேர் இந்தத் தொற்றோடு வாழ்கிறார்கள். அவர்களில் எவரும் மாத்திரையை நிறுத்த முடியாது. காரணத்தைக் கரும்பு விவசாயிகளுக்கு விளக்குவது சுலபம். வெட்டிய பிறகு மண்ணுக்குள் இருக்கும் கட்டை தண்ணீர் கண்டதும் மறுதாம்பாகத் துளிர்ப்பதுபோல, நினைவு டி அணுக்களின் டி.என்.ஏ.வுக்குள் தன்னையே எழுதிவைத்துப் பதுங்கியிருக்கும் வைரஸ், மாத்திரை நின்ற சில வாரங்களில் எழுந்துவிடுகிறது. அந்தக் கட்டையைப் பிடுங்கும் வழி இன்னும் தெரியாது. எலும்பு மஜ்ஜை மாற்றத்தால் குணமானவர்களை விரல்விட்டு எண்ணலாம். அவர்களில் முதலாமவரான டிமோதி ரே பிரவுனுக்குக் கைகொடுத்தது தானம் தந்தவரிடம் இருந்த சி.சி.ஆர்.5 மரபணு மாற்றம். அது வட ஐரோப்பியரிடம் ஓரளவு காணப்படுவது, நம்மிடம் மிக அரிது. தடுப்பூசியும் வரவில்லை. 2006இல் சென்னையில் 'சி' வகையை அடிப்படையாகக் கொண்ட தடுப்பூசி 32 தன்னார்வலர்களிடம் முதல் கட்டமாகச் சோதிக்கப்பட்டது. உலகெங்கும் எத்தனையோ முயற்சிகள் நடந்தன. ஒன்றும் கரை சேரவில்லை. வென்ற கதையும் இருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனாகாபவிர் ஊசி பற்றிய முடிவு 2024இல் வெளியானது. தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் அதைப் போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை. வைரஸின் உட்கூட்டைத் தாக்கும் மருந்து அது. அந்தக் கூடு எப்படிக் கட்டப்படுகிறது என்று யூட்டா பல்கலைக்கழகத்தில் வெஸ்லி சண்ட்குவிஸ்ட் என்ற உயிர்வேதியியலாளர் 1990களிலிருந்து ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது அவரிடமும் "இதனால் என்ன பயன்" என்று நிச்சயம் கேட்டிருப்பார்கள்.

பணத்தைப் பற்றிப் பேசாமல் இந்தக் கடிதத்தை முடித்தால் நீங்கள் என்னை நம்பமாட்டீர்கள். உண்மை இதுதான்: இந்தப் பாதை நீளமானது. பி.எஸ்சி. மூன்று, எம்.எஸ்சி. இரண்டு, பிஎச்.டி. ஐந்து ஆண்டுகள் என்று கணக்கிட்டால் பத்து ஆகிவிடும். அதற்குப் பிறகும் சில வருடம் தற்காலிக ஆய்வுப் பணி. நிரந்தர இடங்கள் குறைவு. நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆய்வு உதவித்தொகைக்குத் தகுதி பெற்றவருக்கு மாதம் 37,000 ரூபாய், இரண்டாண்டு கழித்து 42,000, அதோடு வீட்டு வாடகைப் படி என்பது 2023 முதல் உள்ள விகிதம். அந்தப் பணம் மாதாமாதம் ஒழுங்காக வருவதில்லை என்ற புகார் நாடெங்கும் உண்டு, நியாயமான புகார். ஆனால் ஒப்பிடும்போது இரண்டு பக்கமும் பார்க்கவேண்டும். தனியார் கல்லூரியில் எம்.பி.பி.எஸ். இடத்துக்கு நிலத்தை விற்றுக் கட்டும் தொகையோடு ஒப்பிட்டால், ஆராய்ச்சி என்பது படிக்கும்போதே பிள்ளைக்குச் சம்பளம் வருகிற படிப்பு. அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டத்திலும், மாணவனுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. எல்லாப் பிள்ளையும் ஆராய்ச்சியாளர் ஆகவேண்டும் என்றும் நான் சொல்லவில்லை. மனப்பாடம் செய்யத் திணறினாலும், "இது ஏன் இப்படி" என்று ஆசிரியரை விடாமல் குடைகிற பிள்ளை ஒவ்வொரு வகுப்பிலும் ஒன்றிரண்டு இருக்கும். அந்தப் பிள்ளையை மூன்றாவது முறையாக நீட் கோச்சிங்கில் அடைப்பது அதன் திறமைக்கும் உங்கள் பணத்துக்கும் நஷ்டம்.

பெண் பிள்ளை எச்.ஐ.வி. ஆய்வுக்கூடத்தில் வேலை செய்தால் ஊர் என்ன சொல்லும், வரன் அமையுமா என்ற பேச்சும் எழும். கையுறைகூட இல்லாமல் நிர்மலா ரத்தம் எடுத்த காலம் போய்விட்டது. இன்றைய ஆய்வுக்கூடங்கள் பாதுகாப்பு அடுக்குகளோடு கட்டப்படுகின்றன. ஊர்ப்பேச்சைப் பொறுத்தவரை, 1986இல் இரண்டு குழந்தைகளுக்குத் தாயாக இருந்த அவரை, கூடவே வேலூருக்கு அழைத்துப்போனவர் அவருடைய கணவர். அப்படிப்பட்ட மாப்பிள்ளையைத் தேடுவதுதான் பெற்றோர் வேலை. ஆங்கிலம் வராது என்ற பயத்துக்கு நீளமான பதில் தேவையில்லை. மூன்று வருடத்தில் வந்துவிடும்.

உங்களிடம் கேட்பது இவ்வளவுதான். கல்வராயன் மலையிலிருந்து கரும்பு வெட்டவும் வெளியூர் வேலைக்கும் போய்வரும் குடும்பங்களின் நோய்களைப் பற்றி, நம் தண்ணீரில் இருப்பதைப் பற்றி, நம் பிள்ளைகளின் ரத்தத்தைப் பற்றி யாராவது இங்கிருந்து கேள்வி கேட்டாகவேண்டும். அதற்கு ஒரு மருத்துவக் கல்லூரி மட்டும் போதாது. ஆகவே நீட்டுக்கு விண்ணப்பிக்கும்போதே, பிள்ளைக்கு விருப்பம் இருந்தால், அறிவியல் கல்விக்கும் ஆராய்ச்சிக்குமான ஐசர் நிறுவனங்களின் நுழைவுத் தேர்வுக்கும் விண்ணப்பியுங்கள். திருப்பதியிலும் திருவனந்தபுரத்திலும் அவை இருக்கின்றன. அங்கே இடம் கிடைக்காவிட்டால் அரசுக் கல்லூரியில் நுண்ணுயிரியல், உயிர்வேதியியல், விலங்கியல், வேதியியல் எதுவானாலும் சேர்த்துவிட்டு, இரண்டாம் ஆண்டிலேயே நெட் தேர்வைப் பற்றிப் பேசத் தொடங்குங்கள். பள்ளித் தலைமையாசிரியரிடம் இந்த விவரங்களைத் தகவல் பலகையில் ஒட்டச் சொல்லுங்கள். நீட் முடிவு வரட்டும், அப்புறம் பார்ப்போம் என்று காத்திருக்கவேண்டாம். வழக்கமாக அந்த முடிவு வருவதற்குள் ஐசர் விண்ணப்பத்தின் கடைசித் தேதி போய்விடுகிறது.